ஒரே நாற்காலியில் முப்பது ஆண்டுகள்

2007 செப்டம்பர் 9 அன்று மயாமி பல்கலைக்கழக அரங்கில் நடந்த ஒரு விவாதத்தின் பதிவை அண்மையில் மீண்டும் பார்த்தேன். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக விரும்பிய ஏழு பேர், ஹிலாரி கிளின்டனும் பராக் ஒபாமாவும் உட்பட, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். கேள்வி ஸ்பானிய மொழியில் வருகிறது. அதன் மொழிபெயர்ப்பு காதில் விழும்வரை ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு கணம் வெறுமை தெரிகிறது. மெக்சிகோ நகரில் வளர்ந்த பில் ரிச்சர்ட்சனுக்கு அந்த மொழி நன்றாகவே தெரியும். ஆனால் போட்டி சமமாக இருக்க வேண்டுமென்று அனைவரும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்ல வேண்டும் என விதி வகுத்திருந்தார்கள். அவர் மேடையிலேயே அதைக் குறைபட்டுக்கொண்டார். கேள்வி கேட்டவர்கள், அமெரிக்காவின் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியான யூனிவிஷனின் செய்தி வாசிப்பாளர்கள் இருவர்: ஹோர்ஹே ராமோஸ், மரியா எலேனா சலினாஸ். நான் எழுத வந்தது சலினாஸைப் பற்றி.

மெக்சிகோவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1954இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர் அவர். தாய் தையல் வேலை செய்தார். மகளும் பதினான்கு வயதிலேயே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போனார். வானொலியில் சில காலம் இருந்துவிட்டு, 1981இல் அந்நகரின் ஸ்பானிய மொழி நிலையமான கேமெக்ஸ் தொலைக்காட்சியில் செய்தியாளராகச் சேர்ந்தார். அந்த நிலையத்திற்கு ஒரு துயரமான பெருமை உண்டு: அதன் செய்தி இயக்குநராக இருந்த ரூபன் சலசார், வியட்நாம் போருக்கு எதிராகச் சிக்கானோக்கள் எனப்படும் மெக்சிக வம்சாவளி அமெரிக்கர்களின் பேரணி நடந்த 1970 ஆகஸ்ட் 29 அன்று, காவலர் ஒருவர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு இறந்தார்.

சலினாஸ் வேலைக்குச் சேர்ந்த அந்த ஆண்டில், அத்தனை மெக்சிக வம்சாவளியினர் வாழ்ந்த லாஸ் ஏஞ்சலிஸின் நகர மன்றத்தில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. எட்வர்ட் ராய்பல் 1962இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானதற்குப் பிறகு, 1985இல் ரிச்சர்ட் அலடோரே வென்று வரும்வரை அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. வாக்களிப்பீர்களா என்று தெருவில் கேட்டால், தாங்கள் இன்னும் குடிமக்கள் ஆகவில்லை என்ற பதிலே சலினாஸுக்குப் பெரும்பாலும் கிடைத்தது. வாக்காளராகப் பதிவு செய்வது எப்படி, குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது எப்படி என்பதையெல்லாம் செய்தியாகவே கருதும் வழக்கம் அவரிடம் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். செய்தியாளர் இவ்வளவு தூரம் போகலாமா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு; அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் பார்வையாளருக்குத் தம் மொழியில் வேறு வழிகாட்டி இல்லாத நிலையில் நடுநிலை என்ற பெயரில் வாய்மூடி இருப்பது எனக்கு அவ்வளவு மேன்மையாகத் தோன்றவில்லை.

1987இல் அவர் யூனிவிஷனின் தேசியச் செய்திக்கு வந்தார். அமெரிக்காவின் ஸ்பானிய மொழித் தேசியச் செய்தியைத் தொகுத்து வழங்கிய முதல் பெண் அவரல்லர். அந்தப் பெருமை 1982இல் அந்த இடத்தில் அமர்ந்த தெரேசா ரொட்ரிகெஸுக்கு உரியது. சலினாஸின் சாதனை, ராமோஸுடன் சேர்ந்து முப்பது ஆண்டுகள் அந்த இடத்தை விடாமல் காத்ததுதான். அந்த வேலையில் வெளியே தெரியாத ஒரு சிக்கல் உண்டு. பேருந்தை மெக்சிகோக்காரர் 'காமியோன்' என்பார். கியூபாவிலிருந்தும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் வந்தவர்கள் 'குவாகுவா' என்பார்கள். லாஸ் ஏஞ்சலிஸ், மயாமி, நியூயார்க் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் செய்தி வாசிப்பவர், எவர் வீட்டுச் சொல்லும் அல்லாத, ஆனால் எல்லோருக்கும் புரிகிற 'அவுட்டோபூஸ்' போன்ற சொல்லையே தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு நாட்டின் வாடையும் வீசாத அந்தப் பொது ஸ்பானியம் கேட்பதற்கு இயல்பாக இருந்தாலும், ஒவ்வொரு மாலையும் சொல் சொல்லாகக் கட்டப்பட்டது.

இத்தனை பேரிடம் கேள்வி கேட்டவருக்குத் தம் வீட்டிலேயே கேட்கப்படாத ஒரு கேள்வி இருந்தது. தம் தந்தை ஒரு காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்தவர் என்பதை அவர் இறந்த பிறகே, விட்டுச்சென்ற ஒரு பெட்டியிலிருந்த தாள்களின் வழியாக அறிந்தார். அந்த ரகசியத்தைத் துருவிச் சென்ற கதையை 2006இல் தன்வரலாறாகவும் வெளியிட்டார்.

2017 டிசம்பரில் அவர் யூனிவிஷனிலிருந்து விலகினார். பின்னர் 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ்ஸின் செய்திப் பிரிவில் ஆங்கிலத்தில் பணியாற்றச் சேர்ந்தார். அவர் விட்டுச்சென்ற நாற்காலியில் அமர்ந்தவர் கொலம்பியாவின் சோக்கோ பகுதியில் பிறந்த கறுப்பினப் பெண் இலியா கால்டெரோன்.