மோட்டார் போடாதீங்க

விடிகாலையில் ஒரு குட்டைக் கரையில் காகமும் கொக்கும் வழக்கத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுவேன். இறால் ஓரத்துக்கு வந்து துவண்டு கிடக்கிறது என்று அர்த்தம். தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திரத் தடாவில் வீடு, இறால் தீவன கம்பெனி ஒன்றில் டெக்னீசியன் வேலை, தமிழ்நாட்டு ஆரம்பாக்கத்திலிருந்து ஆந்திரச் சூலூர்பேட்டை வரை தினம் ஆறேழு பண்ணை. பதினோரு வருடம் இப்படி ஓடியது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, குட்டைக் கரையில் இரண்டும் கலந்து.

அன்றும் காகம்தான் காட்டிக்கொடுத்தது. வனாமி இறால் குஞ்சு விட்டு நாற்பத்தைந்து நாள் ஆன குட்டை. இறால் தின்கிறதா என்று பார்க்கத் தண்ணீரில் இறக்கிவைக்கும் செக் ட்ரேயைத் தூக்கிப் பார்த்தால் ராத்திரி போட்ட தீவனம் அப்படியே கிடந்தது. ஓரத்தில் கிடந்த இறாலை எடுத்துத் தலை ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். சுண்ணாம்புத் துளி தெறித்தது போல வெள்ளைப் புள்ளிகள். வைரஸ் நோய். தமிழில் நாங்கள் வெண்புள்ளி என்போம், தெலுங்குக்காரர்கள் தெல்ல மச்ச என்பார்கள். பெயர் எதுவானாலும், வந்துவிட்டால் மூன்றிலிருந்து பத்து நாளுக்குள் குட்டையே காலியாகிவிடும். மருந்து கிடையாது. இருக்கிறது என்று டப்பாவில் விற்பவர்கள் உண்டு. அது தனிக் கதை.

பண்ணைக்காரர் பெரியவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, வெளிய தெரிஞ்சா ஏஜென்ட் வெலையில கைய வெச்சுடுவான். ரெண்டு நாள் யாருகிட்டயும் சொல்லாத” என்றார். சொல்லவில்லை. வாடிக்கையாளர் ரகசியம் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் வைத்துக்கொண்டேன். அன்று ராத்திரியே லைட் போட்டு இறாலைப் பிடித்தார்கள். குட்டைத் தண்ணீருக்கு பிளீச்சிங் போட்டு, சில நாள் நிறுத்திவைத்து, பிறகுதான் வெளியே விட வேண்டும். அவர் அப்படியே ஓடையில் திறந்துவிட்டார். அதே ஓடையில் தெற்கே ஆறேழு பண்ணைகள் மோட்டார் வைத்து உறிஞ்சுகின்றன. இரண்டு வாரத்துக்குள் அவற்றில் நான்கு போயின.

தண்ணீர் மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நண்டு ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். செத்த இறாலைக் கவ்விப் பறக்கும் காகமும் அதே வேலையைச் செய்யும். அதற்குத்தான் நண்டு வேலியும் பறவை வலையும் கட்டச் சொல்லி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தேன். அப்படிப் பேசிய நானே அந்தப் பெரியவரின் குட்டையில் வீசிய அதே வீச்சு வலையோடு, அதே பூட்ஸோடு, அன்றைக்கே தெற்கே இரண்டு பண்ணைக்குப் போயிருந்தேன். இதை நினைத்தால் இன்றும் சாப்பாடு இறங்காது.

1994-95இல் இந்தக் கடற்கரை முழுக்க வெண்புள்ளி வந்து டைகர் இறாலைத் துடைத்துவிட்டுப் போனதை இங்கே எல்லோரும் சொல்வார்கள். அதன் பின்னால் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பழவேற்காடு ஏரியிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் குட்டையே வெட்டக் கூடாது என்றது. ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில். அது கடலோடு சேரும் பெரிய முகத்துவாரம் தமிழ்நாட்டில். கோடையில் மணல் மூடினால் இரண்டு பக்கத்துக்கும் உப்பு ஏறும். மழையில் ஆறுகள் வந்தால் இரண்டு பக்கத்துக்கும் இறங்கும். ஆனால் மீன்வளத்துறை இரண்டு. இந்தப் பக்கத்து அதிகாரி அந்தப் பக்கத்துக் குட்டையைப் பார்க்க முடியாது. இரண்டு பக்கமும் போகிற ஆள் என்னைப் போன்ற தீவனக்காரன்தான், அவன் வாயைத் திறக்கவில்லை.

நான்கு பண்ணை போன பிறகு ஆரம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரு பக்கத்தாரையும் உட்காரவைத்தோம். மொழிபெயர்ப்பு என் வேலை. மேற்கு கோதாவரியின் மொகல்தூர் கதையைச் சொன்னேன். 2002இல் அங்கே ஐந்து விவசாயிகள் பத்துக் குட்டைகளோடு சேர்ந்து ஆரம்பித்தார்கள். கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமும், பாங்காக்கில் இருக்கிற ஆசிய-பசிபிக் நீர்வாழ் உயிர் வளர்ப்பு மையங்களின் கூட்டமைப்பும் கூட நின்றன. குஞ்சு பொரிக்கும் ஒரே ஹேச்சரியில் சேர்ந்து சொல்லிவைப்பது, வைரஸ் இருக்கிறதா என்று பி.சி.ஆர். சோதனை பார்த்து வாங்குவது, ஒரே வாரத்தில் எல்லோரும் விடுவது, தண்ணீர் எடுக்கும் நாளும் விடும் நாளும் பேசிக்கொள்வது. அது ஊர் ஊராகப் பரவி, 2007இல் காக்கிநாடாவில் அதற்கென்று ஒரு தேசிய மையமே வந்தது.

தலையாட்டினார்கள். சிக்கல் எங்கே வந்தது தெரியுமா, நாள் குறிப்பதில். இரண்டாவது கிராப் குஞ்சு விடுகிற நேரம். நம்மவர்கள் ஆடியில் எதையும் தொடங்க மாட்டோம் என்றார்கள். தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாட மாதம் ஆகாது. இரண்டும் ஒன்றுதானே என்றால், இல்லை. அவர்கள் மாதம் அமாவாசைக் கணக்கில் முன்னாலேயே வந்து முடிந்துவிடும். நம்முடையது அதற்குப் பின்னாலும் இழுக்கும். அவர்கள் தயாராகும்போது இவர்களுக்கு ஆடி பாதிகூட முடிந்திருக்காது. வைரஸைப் பற்றி அரை மணி நேரம், பஞ்சாங்கத்தைப் பற்றி இரண்டு மணி நேரம். கடைசியில் ஆடிப்பெருக்கு நல்ல நாள்தானே என்று ஒரு பாட்டி (மகனுக்குப் பதிலாக வந்தவர்) சொல்லித்தான் முடிந்தது.

வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினோம். குட் மார்னிங் படம் வந்தது, பிடித்த இறாலின் கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை) வந்தது, ரேட் வந்தது. எங்கள் குட்டையில் நோய் என்று ஒரு செய்திகூட ஒரு வருடம் முழுக்க வரவில்லை. அந்த வருடம் நோயே வராமல் இல்லை.

இதை டீக்கடையில் புலம்பியபோது பழவேற்காட்டுக்காரர் ஒருவர் சிரித்தார். அவர்கள் ஊரில் ஏரியில் இறால் பிடிக்கப் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று தலைக்கட்டுக்களுக்குள் சீட்டுப் போட்டு, முறை வைத்து மாறிக்கொள்வார்கள். “எங்க ஏரி எல்லாருக்கும் ஒண்ணு, அதனால முறை வெச்சோம். உங்க ஆளு குட்டைய சொந்தம்ங்கறான், தண்ணிய மட்டும் பொதுவா எடுக்கறான். அப்பறம் எப்படி சொல்லுவான்?” என்றார். பாடு முறையிலும் சண்டை உண்டு, வெளியே நிற்கும் சாதிகள் உண்டு; அதை அவர் சொல்லவில்லை. கேள்வி மட்டும் எனக்குள் நின்றது.

எனக்குப் பிறகுதான் புரிந்தது, முதலாளிகளுக்குத் தெரியாமல் ஒரு கூட்டமைப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. மோட்டார் ஆட்களும் இரவுக் காவலாளிகளும். இந்தப் பக்கத்து மோட்டார் ஆளின் அக்காவை அந்தப் பக்கத்துக் காவலாளிக்குக் கட்டிக்கொடுத்திருக்கும். குட்டை போனால் முதலில் வேலை போவது அவர்களுக்குத்தான்.

ஒரு மார்கழி விடிகாலை, நாலு மணி இருக்கும். தெற்கே ஒரு பண்ணையின் மோட்டார் பையன் கூப்பிட்டான். “அண்ணே, மாமா போன் பண்ணாரு. ஒரு வாரம் மோட்டார் போடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க.” யார் பண்ணை என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பல் விளக்குவதற்குள் எட்டுப் பேருக்குப் போன் போட்டேன். ஏழு பேர் நிறுத்தினார்கள். ஒருவர் நம்பவில்லை.

மறுநாள் வடக்கே போனபோது பண்ணை வாசலில் குளோரின் தொட்டியில் பூட்ஸை நனைத்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு பண்ணைக்கும் தனி வலை, என் வலை வண்டியிலேயே இருக்கும். அந்தப் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் குட்டைக் கரையில் காகங்கள்.

“எவரு செப்பாரு?” என்றார்.

தெரியாது என்றேன். அவர் காவலாளி எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.