இரண்டு வயதுக் குதிரைக்கு எதற்கு இத்தனை ஊசி?

பந்தயக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் நான். ஊக்கமருந்து போட்டு யாராவது பிடிபட்டால் ஊரே பேசுகிறது. பேச வேண்டியதுதான். ஆனால் என்னை அதைவிட அதிகம் உறுத்துவது தடை செய்யப்படாத மருந்துகள். மருத்துவர் எழுதிக் கொடுத்து, சட்டப்படி வாங்கி, பந்தய நாளுக்குள் ரத்தத்தில் அடங்கிவிடும்படி கணக்குப் பார்த்துக் கொடுக்கிற மருந்துகள். பயிற்சிக் காலம் முழுக்க இவை இளங்குதிரைகளின் உடம்பில் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. பந்தய நாளில் எடுக்கும் சோதனையில் ஒன்றும் சிக்காது.

முதலில் வயதைப் பார்ப்போம். பூமியின் வடபாதியில் தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தின் எல்லாக் குதிரைகளுக்கும் ஜனவரி 1 தான் பிறந்தநாள். மே மாதம் பிறந்த குட்டி ஏட்டில் இரண்டு வயதைத் தொடும்போது உண்மையில் அதற்கு இருபது மாதம்கூட ஆகியிருக்காது. முன்னங்கால் முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கும் வளர்ச்சித் தட்டு மூடுவதற்கே இரண்டு, இரண்டரை வயது ஆகும்.

இந்த வயதில் ஓட விடுவதே கொடுமை என்பார்கள் சிலர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இளம் எலும்புதான் பாரத்துக்கு ஏற்ப நன்றாகத் தன்னை மாற்றிக்கொள்ளும். சும்மா கட்டிப்போட்டு வளர்த்துவிட்டு நான்கு வயதில் திடீரென்று ஓட்டுவதும் ஆபத்துதான். ஓட்டத்தில் எலும்புக்குள் நுண்ணிய சேதம் உண்டாகும். ஒருவகைச் செல்கள் அந்தச் சேதப்பட்ட பகுதியை அரித்து எடுக்கும். பிறகு வேறு செல்கள் வந்து புது எலும்பை நிரப்பும். அரிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்புவதற்கு மாதக்கணக்காகும். நடுவில் இருக்கும் அந்தக் காலத்தில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். குதிரைக்கு வலிப்பதும் பெரும்பாலும் அப்போதுதான்.

ஒரு செம்பழுப்புப் பெண்குட்டியைச் சொல்கிறேன். நல்ல வேகம், நல்ல குணம். வேக ஓட்டம் ஓடிய மறுநாள் நடையில் காலடி சற்றுக் குறுகியிருப்பதாக அதைப் பார்த்துக்கொள்ளும் பையன்தான் வந்து சொன்னான். நொண்டல் என்று சொல்ல முடியாது. முழங்காலுக்கும் கணுமூட்டுக்கும் நடுவில் உள்ள நீள எலும்பின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தேன். இடது காலில் மட்டும் சூடு. கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தேன். நடுப்பகுதிக்கு வந்ததும் காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. எலும்பு அந்த இடத்தில் இன்னும் தயாராகவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த எக்ஸ்ரேயும் அந்தக் கட்டத்தில் காட்டாது.

பயிற்சியாளர் கேட்ட முதல் கேள்வி: "பியூட் கொடுத்துவிடலாமா?"

ஃபெனில்பியூட்டசோன் என்ற வலி நிவாரணியைத்தான் லாயங்களில் பியூட் என்பார்கள். கொடுத்தால் மறுநாள் சூடு தணியும், குதிரை சீராக ஓடும். எலும்புக்குள் நடந்துகொண்டிருந்தது அப்படியே நடந்துகொண்டிருக்கும். வலி என்கிற ஒரே ஒரு தடுப்பு மட்டும் போய்விடும். பந்தயத்தில் கால் முறிந்து இறந்த குதிரைகளை உடற்கூறு செய்து பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: பெரும்பாலானவற்றில் முறிந்த இடத்திலோ அதன் அருகிலோ ஏற்கெனவே பழைய சேதம் இருந்திருக்கிறது. கால் அன்றைக்குத் திடீரென்று முறிந்துவிடவில்லை. வாரக்கணக்காக எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கையைத்தான் மருந்து அடக்கிவிடுகிறது.

அன்று அந்தப் பயிற்சியாளர் நான் சொன்னபடி குட்டிக்கு ஓய்வு கொடுத்தார். கொடுக்காதவர்களும் உண்டு. நான் மறுத்த ஊசியை மறுநாள் இன்னொருவர் வந்து போட்டுவிட்டுப் போவார். அப்படிப் பார்த்திருக்கிறேன், கோபம் தலைக்கேறும்.

பியூட்டின் கதை பழையது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியில் 1968இல் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரையின் சிறுநீரில் இந்த மருந்து இருந்ததால் வெற்றி பறிக்கப்பட்டது. அந்தக் குதிரைக்குக் கணுமூட்டுத் தொல்லை இருந்தது ஊரறிந்த விஷயம். அவ்வளவு பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு கட்டுப்பாடு இறுகியிருக்க வேண்டும் அல்லவா? அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் பல பியூட்டை அனுமதிக்கத் தொடங்கின.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியும் இதே ரகம். எந்த மூட்டில் என்ன கோளாறு என்று பரிசோதித்து, ஒருமுறை போட்டு, பிறகு ஓய்வு கொடுத்தால் அது வைத்தியம். "அடுத்த வாரம் வேக ஓட்டம் இருக்கிறது, இரண்டு கணுமூட்டிலும் போட்டுவிடுங்கள்" என்றால் அது வைத்தியமே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பு கெட்டுப்போகும் ஸ்டீராய்டுகளும் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பயம் தருவது பிஸ்பாஸ்போனேட்டுகள் என்ற எலும்பு மருந்துகள். வளர்ந்த குதிரைகளின் குளம்புக்குள் இருக்கும் சிறு எலும்பு நோய்க்காக இரண்டு மருந்துகளுக்கு 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நான்கு வயதுக்குக் குறைந்த குதிரைகளுக்கு அவை ஏற்கப்படவில்லை. இருந்தும் ஒரு வயதுக் குட்டிகளுக்கு, ஏலத்துக்கு முன் எக்ஸ்ரே அழகாக வரட்டும் என்று கொடுத்தார்கள். எலும்பை அரித்துச் சுத்தம் செய்யும் செல்களைத்தான் இந்த மருந்து முடக்குகிறது. அதாவது மேலே சொன்ன பழுதுபார்ப்பின் முதல் படியையே நிறுத்திவிடுகிறது. எலும்பிலேயே படிந்து நீண்ட காலம் தங்கவும் செய்கிறது. வளர்கிற குட்டிக்கு இதைக் கொடுக்க எப்படி மனம் வருகிறது? 2019இல் அங்குள்ள பெரிய ஏல நிறுவனங்கள் இளங்குட்டிகளுக்கு இதைக் கொடுப்பதைத் தடுத்து, வாங்குபவர் சோதனை கேட்கலாம், மருந்து தெரிந்தால் குட்டியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று விதி வைத்தன.

அப்புறம், நோயே இல்லாமல் கொடுக்கும் மருந்துகள். கலிபோர்னியாவில் ஒரே லாயத்தைச் சேர்ந்த 7 குதிரைகள் திடீரென்று இறந்ததைப் பற்றி 2013இல் வெளியான அறிக்கையில், அந்த லாயத்தின் எல்லாக் குதிரைகளுக்கும் தைராய்டு ஹார்மோன் கொடுக்கப்பட்டது தெரியவந்தது. விதிமீறல் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை, மரணங்களுக்குக் காரணம் அதுதான் என்று நிறுவப்படவும் இல்லை. இருக்கட்டும். ஒரு லாயம் முழுவதற்கும் ஒரே சமயத்தில் தைராய்டு கோளாறு வருமா? பரிசோதிக்காமல் தீவனத்தோடு மருந்தைக் கலப்பது அந்த அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

ஒரு மருந்து இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். பியூட் குடலைப் புண்ணாக்கும். ஏற்கெனவே நாள் முழுக்கக் கொட்டடியில் நின்று, புல் குறைவாகவும் தானியம் அதிகமாகவும் தின்னும் பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப் புண் உண்டு. அதற்கு ஒமெப்ரசோல் என்ற மருந்து. நுரையீரலில் ரத்தக்கசிவுக்கு லாசிக்ஸ் என்ற ஊசி. அது சிறுநீராக நீரை வெளியேற்றிக் குதிரையின் எடையையும் கிலோக்கணக்கில் குறைத்துவிடும். பந்தய நாளில் லாசிக்ஸை ஐரோப்பா, ஹாங்காங், ஆஸ்திரேலியா அனுமதிப்பதில்லை. ஆனால் பயிற்சியில் பல இடங்களில் தடையில்லை. நான் சொல்ல வந்த ஓட்டை இதுதான்.

அமெரிக்காவில் 2020இல் நிறைவேறிய தேசியச் சட்டம் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. அதன் மருந்துக் கட்டுப்பாடுகள் 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. மூட்டு ஊசி போட்டால் 14 நாள் பந்தயம் கிடையாது, 7 நாள் வேக ஓட்டமும் கிடையாது. பயிற்சி ஓட்டத்தையும் சேர்த்தார்களே, அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

மாற்று வழி இருக்கிறது என்பதும் புதிதல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையத்தில் டேவிட் நூனமேக்கர் என்ற எலும்பு மருத்துவர் காட்டியிருக்கிறார். நீண்ட மெது ஓட்டமும் எப்போதாவது ஒரு வேக ஓட்டமும் என்ற பழைய முறைக்குப் பதில், குறுகிய தூர வேக ஓட்டத்தை அடிக்கடி கொடுத்துப் படிப்படியாகக் கூட்டினால் அந்தப் பெண்குட்டிக்கு வந்தது போன்ற கால் முன்னெலும்பு வலி நன்றாகக் குறைகிறது. மெதுவாக ஓடும்போது எலும்பில் விழும் அழுத்தமும் பந்தய வேகத்தில் விழும் அழுத்தமும் வேறு வேறு. எந்த வேலைக்குப் பழக்குகிறோமோ அந்த வேலைக்குத்தான் எலும்பு வளரும். இதற்கு ஊசி தேவையில்லை. நாளும் பொறுமையும், தினமும் காலைத் தடவிப் பார்க்கும் ஒரு ஆளும் போதும்.

குதிரை உரிமையாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாதாந்திர மருத்துவ பில்லில் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே என்ன நோய், யார் பரிசோதித்தது, அதற்குப் பிறகு எத்தனை நாள் ஓய்வு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். குட்டி கைமாறும்போது அந்தப் பதிவேடும் கூடவே வர வேண்டும் என்று வாங்கும் முன்பே கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் குட்டியை வாங்காதீர்கள்.