சம உரிமை விதி எங்கே ஓட்டையாகிறது

"இங்கே பாகுபாடு இல்லை" என்று ஒரு வரி எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டினால் அது அலங்காரம்தான். பாலினம், பாலின அடையாளம், பாலீர்ப்பு (யார் மீது ஈர்ப்பு என்பது), கர்ப்பம், மணநிலை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஒன்று விடுபட்டாலும், புகார் வரும் நாளில் "விதியில் இல்லையே" என்பார்கள்.

சம்பளம்தான் சிக்கலான இடம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கை (1951) பேசுவது ஒரே வேலையைப் பற்றி மட்டுமல்ல, சம மதிப்புள்ள வேலையைப் பற்றி. பதவிப் பெயரை மட்டும் ஒப்பிட்டால், பெண்கள் நிறைந்த பிரிவு மொத்தமாகக் குறைவாக வாங்குவது கண்ணில் படாது. திறன், உழைப்பு, பொறுப்பு, பணிச்சூழல் நான்குக்கும் மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிடுங்கள். அடிப்படைச் சம்பளத்தையும் போனஸையும் தனித்தனியே பாருங்கள். இடைவெளி பெரும்பாலும் போனஸில் ஒளிந்திருக்கும். சராசரியோடு இடைநிலை அளவும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளம்) வேண்டும், நாலைந்து பெரிய சம்பளங்கள் சராசரியை இழுத்துவிடும். புதிதாகச் சேருபவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்காதீர்கள். பழைய அநியாயம் அப்படியே கூடவே வரும்.

படிவங்களில் 'கணவர்/மனைவி' என்பதை 'துணை' ஆக்குவது ஐந்து நிமிட வேலை. காப்பீட்டு ஒப்பந்தத்திலும் 'துணை' என்றே இருக்கிறதா என்று பார்ப்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

திருநர் ஒருவர் பெயர் மாற்றும்போது அடையாள அட்டை, மின்னஞ்சல், சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு எல்லாவற்றிலும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஒன்றில் பழைய பெயர் தங்கினாலும், அவர் சொல்ல விரும்பாததை அலுவலகமே ஊருக்குச் சொன்னதாகிவிடும்.

புகார் கொடுக்க இரண்டு வழிகளாவது வேண்டும். ஒரே வழி மேலாளர் என்றால், மேலாளர் மீதே உள்ள புகார் எங்கே போகும்?