மேடைக்கு மேலே இரண்டு சொற்கள்: ப்ராக் தேசிய அரங்கில் ஒரு மாலை

நாரோத் சோபே. செக் நாட்டின் தலைநகரான ப்ராக்கின் தேசிய அரங்கில், மேடைக்கு நேர் மேலே பொன்னெழுத்தில் இருப்பவை இந்த இரண்டு சொற்கள்தான். ‘மக்கள், தங்களுக்கே’ என்று பொருள். மேல் கேலரியில் எங்கள் இருக்கையைக் கண்டுபிடித்து உட்கார்ந்ததும் அக்கா முதலில் கேட்டது அதைத்தான்: “யார் யாருக்குக் கொடுத்தாங்களாம்?” அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளவே இந்த ஊரில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினோம் என்று இப்போது தோன்றுகிறது.

அக்டோபர் மாதம். குளிர் தொடங்கியிருந்தது. வல்தாவா ஆற்றின் கரையில், லெஜியன் பாலம் நகருக்குள் இறங்கும் முனையில் அரங்கம் நிற்கிறது. பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் வளைந்த கூரையும் அதன் மேல் ஓடும் பொன் வேலைப்பாடும் சாயங்கால வெயிலில் மின்னும். எதிரே ஸ்லாவியா காபிக் கடையின் பெரிய கண்ணாடி சன்னல்கள். டிராம் வாசலிலேயே நிற்கும். நிறுத்தத்தின் பெயரே ‘நாரோத்னி திவாட்லோ’, அதாவது தேசிய அரங்கம்.

டிக்கெட் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேசிய அரங்கம் என்பது ஒரு கட்டடத்தின் பெயர் மட்டுமல்ல. ஓபரா என்னும் இசை நாடகம், பாலே நடனம், நாடகம் என்று தனித்தனிக் குழுக்களை வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனம் அது. அதன் நிகழ்ச்சிகள் நான்கு இடங்களில் நடக்கின்றன: ஆற்றங்கரையில் இருக்கும் இந்தப் பழைய மாளிகை, அதை ஒட்டிய கண்ணாடிக் கட்டடமான புதிய மேடை, பழைய நகரத்துக்குள் இருக்கும் எஸ்டேட்ஸ் அரங்கு, ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள ஸ்டேட் ஓபரா. நாங்கள் நுழையும்போது ஒரு தம்பதி வாசலில் தவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது ஸ்டேட் ஓபரா டிக்கெட். நடந்து போனால் இருபது நிமிடமாவது ஆகும், நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. டிக்கெட்டில் எந்த அரங்கு என்பதை இரண்டு முறை படித்துவிடுங்கள். விலை பற்றிப் பயப்பட வேண்டாம். மேல் கேலரியில் சில நூறு கொருனாவுக்கே (செக் நாணயம்) இடம் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பொதுவாக விடுமுறை. செப்டம்பர் முதல் ஜூன் வரை போனால் நல்லது.

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செக் மக்கள் ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தார்கள். அலுவலகத்திலும் உயர்கல்வியிலும் ஜெர்மன். செக் மொழி வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் பேசுவதற்கு. அந்த மொழியில் பெரிய நாடகம் போட முடியுமா, ஓபரா பாட முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்த காலம் அது. பேசித் தீர்க்காமல் கட்டிக் காட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். 1850களின் தொடக்கத்திலேயே வசூல் ஆரம்பித்துவிட்டது. பணக்காரர்கள் கொடுத்தார்கள், கிராமத்தார் சில்லறையாகக் கொடுத்தார்கள். முதலில் 1862இல் தற்காலிக அரங்கு ஒன்று எழுந்தது. 1868 மே 16 அன்று பெரிய அரங்கத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பல ஊர்களிலிருந்து, புனிதமாகக் கருதப்படும் மலைகளிலிருந்து கற்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

கட்டடக் கலைஞர் யோசெப் ஸீடெக். பதின்மூன்று ஆண்டு வேலை. 1881 ஜூன் 11 அன்று, பட்டத்து இளவரசர் ருடால்ஃபின் வருகையை ஒட்டி, முழுதாக முடிவதற்கு முன்பே திறந்தார்கள். முதல் நிகழ்ச்சி செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டனாவின் ‘லிபுஷே’ ஓபரா. ப்ராக் நகரம் எழப்போவதை முன்கூட்டியே சொன்னதாகக் கதைகள் சொல்லும் ராணிதான் லிபுஷே. இசையை ஸ்மெட்டனா 1872இலேயே முடித்துவிட்டார். இப்படி ஒரு நாளுக்காக அதை எடுத்து வைத்திருந்தார். அந்த நாள் வந்தபோது அவர் காதில் எதுவும் விழவில்லை. 1874லேயே செவித்திறன் முழுவதும் போய்விட்டது. தன் மக்களின் மொழியில் தான் எழுதிய பாட்டு, அந்த மொழிக்காகவே கட்டிய அரங்கில் ஒலிப்பதை அவரால் கேட்க முடியவில்லை. இன்னொன்றும் உண்டு. ஸ்மெட்டனா படித்ததெல்லாம் ஜெர்மனில். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் செக் மொழியில் ஒழுங்காக எழுதப் பழகினார். இதை அறிந்த பிறகு அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த மரியாதை இன்னும் கூடிவிட்டது.

திறந்து சில நிகழ்ச்சிகள்தான் நடந்திருக்கும். மிச்ச வேலையை முடிக்க மூடினார்கள். ஆகஸ்ட் 12 அன்று கூரையில் தீப்பிடித்தது. செப்புக் கூரை, பார்வையாளர் கூடம், மேடை, திரைச்சீலை எல்லாம் போயிற்று. இருபது முப்பது வருடம் குருவி சேர்ப்பது போலச் சேர்த்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கியது. மறுபடி உண்டியல் எடுத்தார்கள். 47 நாளில் அன்றைய நாணயத்தில் பத்து லட்சம் கில்டர் சேர்ந்துவிட்டது. ஏற்கெனவே ஒரு முறை கொடுத்தவர்களே திரும்பவும் கொடுத்தார்கள். யோசெப் ஷூல்ஸ் பொறுப்பேற்று, பக்கத்தில் இருந்த தற்காலிக அரங்கையும் சேர்த்துக்கொண்டு பெரிதாகக் கட்டி முடித்தார். 1883 நவம்பர் 18 அன்று மீண்டும் அதே ‘லிபுஷே’. இந்த முறை மின்விளக்கு. 1881 டிசம்பரில் வியன்னாவில் ஓர் அரங்கு எரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்த செய்தி எல்லோர் மனத்திலும் இருந்த நேரம். வாயு விளக்கு வேண்டாம் என்று நினைக்க அது ஒன்றே போதும். வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கத் தனி ரயில்களே விட்டார்கள்.

சரி, நாங்கள் போன மாலைக்கு வருவோம்.

உள்ளே நுழைந்ததும் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். மேல் கோட்டோடு கூடத்துக்குள் போவது இங்கே பழக்கமில்லை. பித்தளை எண் கொடுத்தார்கள். அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கோட்டு வாங்கிக்கொண்ட ஊழியப் பெண்மணி புடவைக் கரையை விரலால் தொடாமல், தொடுவது போல் காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டிச் சிரித்தார். படிகள் ஏறி ஏறி மேல் கேலரி. வரிசைக்குள் நுழையும்போது, உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகம் காட்டி நகர்ந்து போக வேண்டும், முதுகு காட்டக் கூடாது. எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள், எழுந்து வழிவிடுபவர்களைப் பார்த்து ஒரு சொல் சொல்கிறார்கள். பார்க்க நன்றாக இருந்தது.

உயரத்தில் உட்கார்ந்ததில் ஒரு லாபம். மேலே ஷெனிஷெக் வரைந்த கலைத் தேவதைகள் மிக அருகில் தெரிந்தார்கள். கீழே, ஆர்க்கெஸ்ட்ராக் குழி முழுவதும் கண்ணில் பட்டது. திரைச்சீலை ஹினாயிஸ் வரைந்தது. தீயில் போன பழைய திரைக்குப் பதிலாக வந்தது. அதில் வரைந்திருப்பதும் இந்த அரங்கம் உருவான கதைதான்.

அன்று செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ‘ருசால்கா’ ஓபரா. 1901 மார்ச் 31 அன்று இதே மேடையில்தான் முதன்முதலில் அரங்கேறியது. இளமையில் த்வோர்ஷாக் தற்காலிக அரங்கின் ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலா வாசித்தவர். அந்த அரங்கு இன்று இந்தக் கட்டடத்தின் பின்பகுதிக்குள் அடங்கிவிட்டது. சம்பளத்துக்கு வாசித்த இடத்துக்கே, தன் ஓபராவோடு வந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

கதை எளியது. ஏரியில் வாழும் நீர்ப்பெண் ஒருத்தி ஓர் இளவரசனை விரும்புகிறாள். மனுஷியாக மாற வேண்டும் என்று சூனியக்காரியிடம் கேட்கிறாள். விலை அவள் குரல். மனிதர் காதில் அவள் பேச்சு விழாது.

அந்தப் பேரம் நடப்பதற்கு முன் அவள் நிலாவைப் பார்த்துப் பாடுகிறாள். எனக்கு அப்போது மேடையைவிடக் குழியில்தான் கண் போனது. யாழ் வாசிக்கும் பெண் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பாட்டு வரப்போகிறது என்றதும் முன்னால் சாய்ந்து யாழைத் தோளில் வாங்கிக்கொண்டார். இரண்டு கையும் தந்தியில் படாமல் ஒரு கணம் நின்றன. இசை நடத்துநரின் குச்சி அசைந்ததும் விரல்கள் இறங்கின. ஒவ்வொரு கொத்தையும் மீட்டிய பிறகு கை தந்தியை விட்டு விலகி, மிச்ச ஒலி அடங்கும்வரை காற்றில் திறந்தே இருந்தது. கடைசிச் சுரம் போனதும் உள்ளங்கையைத் தந்திகள் மேல் மெல்ல வைத்து அணைத்தார். தூங்கும் குழந்தையைத் தட்டுவது போல. ஒலித்தட்டில் இந்தப் பாட்டை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு கை இருக்கிறது என்று தெரியாது.

மேடைக்கு மேலே பலகையில் செக் வரிகளும் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஓடின. முதல் அங்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் அங்கம் அரண்மனை. விருந்தாளிகள் பாடுகிறார்கள், அயல்நாட்டு இளவரசி பாடுகிறாள், எல்லோரும் பேசுகிறார்கள். ருசால்கா மட்டும் வாய் திறக்காமல் நிற்கிறாள். பாடகியை வைத்துக்கொண்டு பாடாமல் நிறுத்துவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தப் பெண் வெள்ளை உடையில், தோள் கொஞ்சம் குறுகி, பேசுகிறவர் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மொழி தெரியாத ஊரில் கடையில் நின்றிருந்தவர்கள் யாருக்கும் அந்தப் பார்வை புரியும். எனக்குப் புரிந்தது. பலகையைப் பார்ப்பதை அதோடு விட்டுவிட்டேன்.

மொழியே போய்விடக் கூடாது என்று இரண்டு முறை கட்டிய வீடு. அங்கே அந்த மக்கள் மிகவும் கொண்டாடும் கதைகளில் ஒன்று, குரலை இழந்தவளின் கதை. இதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சொற்களுக்குக் கீழே அவள் பேசாமல் நின்றபோது, கூடத்தில் ஓர் இருமல் சத்தம்கூட இல்லை.

இடைவேளையில் கூட்டம் மாடங்களில் உலாவியது. எங்கள் பக்கத்து இருக்கையில் இருந்த மூதாட்டி ஆங்கிலம் கொஞ்சம் பேசினார். பள்ளியில் படிக்கும்போது முதல் முறை இங்கே வந்தாராம், அதுவும் மேல் கேலரிக்குத்தானாம். “ஓபராவுக்கு மட்டும் வந்தால் போதாது, பாலேவுக்கும் நாடகத்துக்கும் வர வேண்டும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’ (அன்ன ஏரி) பாலே 1877இல் மாஸ்கோவில் அரங்கேறி எடுபடாமல் போனது. 1888 பிப்ரவரியில் இந்த மேடையில் அதன் இரண்டாம் அங்கத்தை மட்டும் ஆடினார்கள். சைக்கோவ்ஸ்கி ப்ராக் வந்திருந்தார், நேரில் பார்த்தார். ரஷ்யாவில் அந்த பாலே பெரிய வெற்றி பெற்றது 1895இல், அவர் இறந்த பிறகு. தன் அன்னங்களை மனம் நிறையப் பார்க்க அவருக்கு வாய்த்தது இங்கேதான்.

நாடகம் என்றால் செக் எழுத்தாளர் கரேல் சாபெக். 1921 ஜனவரி 25 அன்று அவருடைய ‘ஆர்.யூ.ஆர்.’ இங்கே மேடையேறியது. நாம் தினமும் புழங்கும் ‘ரோபோ’ என்ற சொல் அந்த நாடகத்திலிருந்துதான் உலகமெங்கும் போனது. சொல்லைத் தந்தவர் அவர் அண்ணன் யோசெப். செக்கில் ‘ரொபோத்தா’ என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்யும் கட்டாய வேலை. பெரிய நாடகத்துக்குத் தகுமா என்று சந்தேகப்பட்ட மொழியிலிருந்து, உலகின் எத்தனையோ மொழிகள் ஒரு சொல்லைக் கடன் வாங்கியிருக்கின்றன.

மூன்றாம் அங்கம் முடிந்து திரை இறங்கியதும் கைத்தட்டல் முதலில் சிதறலாக இருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல ஒரே தாளத்துக்கு வந்தது. மொத்தக் கூடமும் ஒரே கையால் தட்டுவது போல. மூதாட்டி தலையசைத்துத் தாளம் போட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள்.

அடுத்த நாள் காலை, சுற்றிக் காட்டும் குழுவோடு மீண்டும் போனோம். கூரைத் தளத்தில் வெண்கலக் குதிரைகள் பூட்டிய தேர்களுக்குப் பக்கத்திலிருந்து ஆற்றைப் பார்த்தோம். ஆனால் நான் காத்திருந்தது அடித்தளத்துக்காக. அங்கேதான் அந்தக் கற்கள். புனிதமாகக் கருதும் ர்ஷீப் குன்றின் கல், செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் கல், ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர். சில வழவழப்பாக, சில வெட்டியபடியே கரடாக.

கப்பல் ஏறி வந்த கல் ஒன்றும் இருக்கிறது. பிழைக்கப் போன செக் மக்கள் சிகாகோவிலிருந்து அனுப்பியது. அதில் பொறித்திருப்பதை வழிகாட்டி மொழிபெயர்த்துச் சொன்னார்: இரத்தம் இணைத்ததைக் கடல் பிரிக்காது. குழு அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டது. இருபது வருடமாக வெளிநாட்டில் இருக்கும் அக்கா அங்கேயே நின்றாள். “அவங்க யாரும் திரும்பி வந்து ஒரு பாட்டாவது கேட்டிருப்பாங்களா?” என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வழிகாட்டி வாசலிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்.