ஷாங்காய்ல கட்டடம் நடக்கும், தெரியுமா?

ஷாங்காய் போற எல்லாரும் பண்ட்ங்கிற ஆத்தங்கரை ரோட்டுல நின்னு எதிர்க்கரை புடோங் கட்டடங்களத்தான் போட்டோ எடுப்பாங்க, நானும் எடுத்தேன், 632 மீட்டர் ஷாங்காய் டவர் போனுக்குள்ள அடங்கவே இல்ல, சரி அத விடுங்க. எனக்கு புடிச்சது பழைய சந்துங்கதான். லாங்டாங்னு சொல்றாங்க. 19ஆம் நூற்றாண்டுல தைப்பிங் கலகம்ங்கிற உள்நாட்டுப் போருக்கு பயந்து ஓடி வந்த ஜனங்களுக்காக கட்ட ஆரம்பிச்ச வரிசை வீடுங்க, வாசலுக்கு கல் நிலை, கனமான மரக்கதவு, உள்ள குட்டியா ஒரு முற்றம்.

ஷின்டியன்டிங்கிற ஏரியாவுல அந்த மாதிரி வீடுங்கள வெளிச்சுவர் மட்டும் பழசா வச்சு, உள்ள காபி ஷாப், ரெஸ்டாரன்ட்னு மாத்தி 2001ல தொறந்தாங்க. 1921ல சீன கம்யூனிஸ்ட் கட்சி முதல் மாநாடு நடந்த வீடும் அங்கதான் இருக்கு, பக்கத்துல விக்கிற காபி விலைய கேட்டா அந்த காம்ரேடுங்க மயங்கி விழுந்திருப்பாங்க. சாங்யுவான்ங்கிற இன்னொரு பழைய சந்து ஏரியாவுலயும் குடியிருந்தவங்கள காலி பண்ண வச்சு, ரிப்பேர் பாத்து, 2022ல தொறந்தாங்க, இப்ப அங்க பூரா பெரிய பிராண்டு கடைங்க.

கட்டடத்த காப்பாத்துறதுல இவங்கள அடிச்சிக்க ஆளே இல்லங்க. 1930ல கட்டுன கான்சர்ட் ஹால 2003ல மேம்பால ரோட்டுலருந்து 66 மீட்டர் தள்ளி வச்சாங்க. 2020ல 7600 டன் எடை உள்ள ஒரு பழைய ஸ்கூலுக்கு அடியில 198 இயந்திரக் கால் குடுத்து 62 மீட்டர் நடத்தியே கூட்டிட்டு போய்ட்டாங்க!

கட்டடம் இருக்கு, அதுல குடியிருந்த ஆளுங்கதான் இல்ல. இன்னும் குடியிருக்கிற ஒரு சந்துல பின்கதவு தொறந்து கெடந்துச்சு, பொது சமையக்கட்டு ஒண்ணுதான், ஆனா மேல வரிசையா தனித்தனி பல்பு தொங்குது, குடும்பத்துக்கு ஒரு பல்பு ஒரு ஸ்விட்ச், கரண்ட் பில்லுல தகராறு வரக்கூடாதுன்னு. இத எந்த மியூசியத்துல வைப்பீங்க? அதுக்காக அவங்க அங்கயே கெடக்கணும்னு நான் சொல்லல, நிறைய வீட்ல டாய்லெட்டே இல்லாம இருந்துச்சு, காலைல மலச்சட்டிய தூக்கிட்டு போய் கொட்ட வேண்டியிருந்துச்சு, புது ஃபிளாட் குடுத்தா நானும்தான் ஓடிருப்பேன். ஆனா பத்து வீட்டுக்கு நாலு வீடாவது உள்ள பைப்பும் பாத்ரூமும் போட்டு இருக்கிறவங்களுக்கே விட்டிருக்கலாம், ஸ்கூல நடக்க வச்ச ஊருக்கு பைப் போடுறது என்ன பெரிய வேலையா?

போறவங்க நாஞ்சிங் வெஸ்ட் ரோடு மெட்ரோல இறங்குங்க, சாங்யுவான் பக்கத்துலயேதான். குடியிருக்கிற சந்துக்குள்ள போனா மட்டும் கேட்டுட்டு போட்டோ எடுங்க, அவங்க உள்ளாடை வரைக்கும் மூங்கில்ல தலைக்கு மேலதான் காயும்.