எண்ணெய் கசியுறதுக்கு முன்னாடியே கரைக்கு மேப் போட்ட அனுபவம்

எண்ணெய்க் கசிவு வந்தா எந்த இடத்த முதல்ல காப்பாத்தணும்னு காட்டுற மேப் போடுற டீம்ல இருந்தேன், இனிமே இந்த வேலைக்கு வர்றவங்களுக்கு உதவும்னு எழுதுறேன். 1979ல மெக்சிகோ வளைகுடால இக்ஸ்டாக் கிணறு வெடிச்சப்போ, எண்ணெய் டெக்சாஸ் கரைக்கு வந்து சேர்றதுக்குள்ள அவசர அவசரமா போட்டதுலதான் இந்த ஈஎஸ்ஐ மேப், அதாவது எந்தக் கரை எண்ணெயால எவ்ளோ பாதிக்கும்னு காட்டுற மேப் (Environmental Sensitivity Index), ஆரம்பிச்சுது. கரைய 1லேருந்து 10 வரைக்கும் பிரிப்பாங்க. அலை நேரா மோதுற செங்குத்துப் பாறை 1, எண்ணெய் ஒட்டினாலும் அலையே அலசி விட்டுடும். அலையாத்திக் காடு, சதுப்பு நிலமெல்லாம் 10, உள்ள புகுந்துச்சுன்னா வருஷக்கணக்கா கெடக்கும், சுத்தம் பண்ண ஆள் இறங்கினாலே மிதிச்சு மிதிச்சு சேத்துக்குள்ள அமுக்கிடுவாங்க.

சாட்டிலைட் படத்துல கோடு போட்டா மட்டும் பத்தாதுங்க. நீர் வத்துற நேரம் பாத்து கரைல எறங்கி நடக்கணும், அங்கங்க குழி தோண்டிப் பாக்கணும். பொடி மணல் இறுகிக் கெடந்தா எண்ணெய் பெரும்பாலும் மேலயே நிக்கும், வழிச்சு எடுத்துரலாம், அது 3. வெறும் கூழாங்கல்லுன்னா சந்து சந்தா உள்ள எறங்கிடும், அது 6. படத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

உயிரினங்களுக்கு வெறும் புள்ளி வைக்காதீங்க, மாசத்தையும் சேத்துப் போடுங்க. ஆமை முட்டை போடுற மாசத்துல அந்த மணல் திட்டோட மதிப்பே வேற. எங்களுக்கு இதுல பாதி விவரம் கரைவலை இழுக்குறவங்க சொன்னதுதான், எந்த ரிப்போர்ட்லயும் கெடைக்கல.

பெரிய சண்டையே எது முதல்லங்கறதுலதான். மீன் பண்ணைக்காரங்க, உப்பளத்துக்காரங்க, கடல் தண்ணி உள்ள இழுக்குற ஆலைக்காரங்க, எல்லாருக்கும் அவங்க இடந்தான் முதல்ல, எல்லாத்துக்கும் சிவப்பு அடிச்சா அப்புறம் மேப் எதுக்கு? கடைசில ரெண்டு கேள்வி வெச்சு முடிவு பண்ணோம், பாழானா திரும்ப வர எவ்ளோ காலம் ஆகும், நம்மால நெஜமாவே தடுக்க முடியுமா. முகத்துவாரத்துக்குக் குறுக்க நேரா மிதவைத் தடுப்பு போட்டா, நீரோட்டம் 0.7 நாட் (knot, மணிக்கு சுமார் 1.3 கி.மீ.) வேகத்துக்கு மேல போனாலே எண்ணெய் அடி வழியா நழுவிடும், அதனால சாய்ச்சுப் போட்டு அமைதியான ஓரத்துக்குத் திருப்பணும். அந்தக் கோணம், கயிறு கட்டுற இடம், வண்டி போற பாதை எல்லாத்தையும் மேப்லயே எழுதினோம். பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணி வைங்க, முகத்துவாரம் எடம் மாறினா உடனே திருத்துங்க.