வெளிநாட்டு நண்பரோடு சித்திரைத் திருவிழாவா? ஆற்றங்கரையை விடுங்கள், எதிர்சேவைக்குப் போங்கள்

வெளிநாட்டிலிருந்து வருகிறவரை மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிப் போகிற பலரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில் நேராக வைகைக் கரையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் முன்னால் நிற்பவர்களின் முதுகைப் பார்த்துவிட்டு, தங்கக் குதிரையின் தலை ஒரு நொடி தெரிந்ததும் "பார்த்தாச்சு, கிளம்பலாம்" என்கிறார்கள். வந்தவருக்கு என்ன நடந்தது என்றே புரிந்திருக்காது. 2022-இல் அந்த நெரிசலில் 2 பேர் இறந்துபோனார்கள். மொழி தெரியாத, நம்மூர் வெயிலுக்குப் பழகாத ஒருவரை முதல் தடவையே அங்கே நிறுத்தக் கூடாது.

காட்ட வேண்டியது அதற்கு முந்தைய நாளை, எதிர்சேவையை.

அழகர்கோயிலில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர் பல்லக்கில் வருகிற கள்ளழகரை மதுரைக்காரர்கள் மூன்றுமாவடியில் எதிர்கொண்டு அழைக்கிறார்கள். காலையில் மூன்றுமாவடி, பகலில் புதூர், சாயங்காலம் அவுட்போஸ்ட், இரவு தல்லாகுளம். மலையில் இறங்கியது முதல் 400-க்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில், அதாவது சாமியை நிறுத்தி வழிபடப் போட்ட பந்தல்களில், பல்லக்கு நின்று நின்றுதான் வரும். இதுதான் வசதி. கூட்டம் நீளமான சாலையில் பரவிவிடுகிறது. ஒரு இடத்தில் தவறவிட்டால் அரை கிலோமீட்டர் முன்னால் நடந்துபோய் மறுபடியும் பார்க்கலாம். சொன்ன நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம், இரண்டு மணி நேரமாவது தள்ளிப்போகும். நிற்பதற்குப் புதூர்ப் பக்கம் நல்லது. பெரிய பந்தலை விட்டுவிட்டு, நாலைந்து குடும்பம் சேர்ந்து போட்ட சின்ன மண்டகப்படியாகப் பார்த்து ஓரமாக நில்லுங்கள். விருந்தாளி என்று தெரிந்தால் அவர்களே நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பானகமும் கொடுப்பார்கள்.

அங்கே நிற்கும்போது பக்கத்தில் இருக்கும் பெண்களின் கையைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு பித்தளைச் செம்பு. கழுத்துவரை சர்க்கரை. வாயில் வாழையிலை வைத்து நூலால் இறுகக் கட்டி, இலைமேல் சூடம். பல்லக்கு எதிரே வந்ததும் கொளுத்தித் தூக்கிக் காட்டுவார்கள். அணைந்ததும் இலையைப் பிரித்து, முன்பின் தெரியாதவர் கையிலும் அந்தச் சர்க்கரையை அள்ளி வைப்பார்கள். உங்கள் நண்பரையும் ஒரு செம்பு ஏந்தச் சொல்லலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். இலை கிழிந்திருந்தால் சூடம் உருகி உள்ளே இறங்கிச் சர்க்கரை கருகிவிடும். இலையை இரண்டு மடிப்பாகப் போடுவது நல்லது. செம்பின் கழுத்தும் சீக்கிரம் சுடும், துண்டை மடித்துப் பிடிக்க வேண்டும். பாலியஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு அந்தச் சூடங்களுக்கு நடுவே நிற்க வேண்டாம், பருத்திதான் பாதுகாப்பு.

அடுத்தது துருத்தி. பதப்படுத்திய ஆட்டுத்தோலைப் பையாகத் தைத்து, வாயில் சின்னக் குழாய் மாட்டி, உள்ளே தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். பையை அமுக்கினால் தண்ணீர் மெல்லிய நூலாகப் பீய்ச்சிக்கொண்டு போய் விழும். பீய்ச்சுகிற பக்தர்களுக்குத் தலையில் உருமால், கருப்பசாமி வேடம், காலில் சலங்கை. வெளிநாட்டுக்காரர்கள் இதை ஹோலி என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிடுகிறார்கள். இது விளையாட்டு இல்லை, விரதமிருந்து செய்கிற நேர்த்திக்கடன். கோடையில் வருகிற சாமியைக் குளிர்விக்கிறார்கள். முதலிலேயே எடுத்துச் சொல்லிவிடுங்கள். பிரஷர் பம்ப் வைத்து அடிக்கத் தடை இருந்தும் அடிக்கிறவர்கள் மேல் எனக்குக் கடும் கோபம். சாமி சிலைக்கும் கெடுதல், பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் கெடுதல். போனை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

"கடவுள் ஏன் கள்ளர் வேடத்தில் வருகிறார்?" கட்டாயம் கேட்பார்கள். தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குப் புறப்பட்ட அண்ணன், வந்து சேர்வதற்குள் தாலி கட்டியாகிவிட்டது என்று தெரிந்து கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிவிட்டார் என்பது ஊர் சொல்லும் கதை. கோயில் மரபு வேறு. தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்கத்தான் வருகிறார். இரண்டையும் சொல்லுங்கள். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்கு வரவழைத்து, சைவ விழாவையும் வைணவ விழாவையும் 17-ஆம் நூற்றாண்டில் ஒன்றாக்கியவர் திருமலை நாயக்கர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவருக்கு எல்லாம் பிடிபட்டுவிடும். மலையில் இருந்து வழி நெடுக வருகிற கிராமத்துச் சனங்களின் சாமி அழகர். கையில் வளைதடியும் காதில் கடுக்கனுமாக, அவர்களில் ஒருவராகத்தான் வருகிறார்.

இரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் திருமஞ்சனம் ஆகி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிய மாலையை அணிந்து, தங்கக் குதிரையில் ஏறுகிறார். என்ன நிறப் பட்டு என்பது அப்போதுதான் தெரியும். பச்சை என்றால் அந்த வருடம் செழிப்பு என்பது நம்பிக்கை. "என்ன பட்டு, என்ன பட்டு" என்று வாய்வழியாகச் செய்தி பரவும் அந்தக் கணத்தில் கூட்டத்தின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அதற்காகவே தூக்கம் கெடலாம்.

மீனாட்சி திருக்கல்யாணம்? டிக்கெட் 200, 500 ரூபாய் என்று விற்கிறார்கள். முதல் தடவை வருகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கோயிலுக்குள் செல்போன் கூடாது, அரைக்கால் சட்டை கூடாது, இந்து அல்லாதவர் சன்னதிக்குள் போக முடியாது. அதைவிட அன்று காலை கோயிலைச் சுற்றி நடங்கள். தாலி கட்டும் நேரத்தில் தெருவில் நிற்கும் பெண்கள் எல்லாரும் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். சாமி கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறார்கள், விருந்தும் போடுகிறார்கள். வேட்டி கட்ட ஆசைப்பட்டால் நாலு முழம் வேண்டாம், உயரமானவருக்கு நடக்கும்போது பிரிந்துவிடும். எட்டு முழம் வாங்கி பெல்ட் போட்டுவிடுங்கள்.

பணம்தான் பெரிய தலைவலி. அறை வாடகை ஏறிவிடும், மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுங்கள். ஆட்டோக்காரர் வெள்ளைக்கார முகத்தைப் பார்த்தாலே இரண்டு கிலோமீட்டருக்கு 500 கேட்கிறார். இது அநியாயம். பேரத்தை நீங்கள் தனியாகப் பேசிவிட்டு அவரை ஏற்றுங்கள். தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் எப்படியும் வண்டி விடமாட்டார்கள், நடைதான். சாப்பாட்டுக்குச் செலவே இல்லை, வழியெல்லாம் அன்னதானம். சூடான பொங்கலும் புளியோதரையும் தைரியமாகச் சாப்பிடட்டும். ஐஸ் போட்ட நீர்மோர் மட்டும் வேண்டாம். மோரால் கெடுதல் இல்லை, ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாதே. பானகம் அறையிலேயே கலந்துவிடலாம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், 150 கிராம் வெல்லம், ஒரு எலுமிச்சை, அரை டீஸ்பூன் சுக்கு, இரண்டு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாவிட்டால் மண் நாக்கில் நெருடும்.

ஆற்றில் இறங்குவதை அறையில் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நன்றாகத் தூங்குங்கள். மறுநாள் இரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். ஒவ்வொரு அவதாரமாக அலங்காரம் மாறும், மோகினி வரும்போது விடிந்துவிடும். போர்வை ஒன்று எடுத்துப் போங்கள், குடும்பம் குடும்பமாக ஆற்று மணலில் படுத்திருப்பார்கள்.